லயத்து வீட்டுக்கு வாடகை இல்லை என்று சொல்லாதீர்கள்

குருக்கள்மடத்திலிருந்து ஓர் அங்கத்தவர்

கணக்கெடுப்பு உத்தியோகத்தர் லயத்து வாசலுக்கு வந்தால் என்ன கேட்பார் என்பது நமக்குப் பழக்கமான விடயம். சுவர் எதனால் கட்டியது, கூரை என்ன, தரை என்ன, தண்ணீர் எங்கிருந்து வருகிறது, மலசலகூடம் தனியா பொதுவா, மின்சாரம் உண்டா, எத்தனை பேர் இருக்கிறீர்கள் என்று கேட்பார். இவற்றுக்குப் பதில் சொல்வதில் சிரமம் இல்லை. பிறகு, வீடு யாருக்குச் சொந்தம், வாடகை எவ்வளவு என்ற கேள்வி வரும். அதற்கு நம்மவர்கள் சொல்லும் பதில் பெரும்பாலும் ஒன்றுதான். “தோட்டத்து வீடுங்க, வாடகையெல்லாம் இல்லை.” உத்தியோகத்தரும் வாடகையின்றிக் குடியிருப்பவர்கள் என்று பதிந்துகொண்டு அடுத்த காம்பராவுக்குப் போய்விடுவார்.

இந்தப் பதிலில் பொய் இல்லை. ஆனால் பாதி உண்மைதான் இருக்கிறது. மீதிப் பாதியைச் சொல்லாமல் விடுவதால் நமக்கு வரும் நட்டம் பெரியது என்பதே இந்தக் கட்டுரையின் கருத்து. வீட்டுக்காக நாம் செலவழிக்கும் பணமும் உழைப்பும் அரசாங்கத்தின் புத்தகத்தில் ஏறாமல் போகின்றன. அங்கே ஏறாத செலவு சம்பளப் பேச்சுவார்த்தையிலும் ஏறாது, வீடமைப்புத் திட்டத்திலும் ஏறாது, நட்டஈட்டிலும் ஏறாது.

இதை ஏன் மட்டக்களப்பு வாவிக்கரையில் இருக்கும் ஒருவர் எழுத வேண்டும் என்று சிலர் கேட்கலாம். எங்கள் குடும்பம் 1977 கலவரத்தின்பின் மலையகத்திலிருந்து மட்டக்களப்புக்கு வந்தது. இன்று நாங்கள் குருக்கள்மடத்தில் இருக்கிறோம். உறவினர்களில் பாதிப்பேர் இன்னும் லயத்தில்தான் இருக்கிறார்கள். அதனால் ஒரே அரசாங்கத்தின் ஒரே விதமான கேள்விகளுக்கு இரண்டு இடங்களிலும் சொல்லப்படும் பதிலையும், அந்தப் பதிலுக்குப் பின் நடப்பதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடிகிறது.

எந்தக் கணக்கெடுப்பு எதற்கு?

வீட்டைப் பற்றிக் கேட்க வருபவர்கள் எல்லோரும் ஒரே வேலைக்காக வருவதில்லை. இதைத் தெரிந்துகொள்வது முதல் வேலை.

முதலாவது, குடிசன வீட்டுவசதிகள் தொகைமதிப்பு. நாட்டில் உள்ள ஒவ்வொரு வீட்டுக்கும் வருவார்கள். 1871 இல் தொடங்கிய இந்தத் தொகைமதிப்பு கடைசியாக 2012 இலும் 2024 இலும் நடந்தது. வீடு எந்த வகை, அதன் உரிமை யாருடையது என்று கேட்பது இதில்தான். 2012 படிவத்தில் வரிசை வீடு அல்லது லயன் அறை என்று ஒரு தனி வகையே இருந்தது. வாடகையின்றிக் குடியிருத்தல் என்பதும் ஒரு பதிலாக இருந்தது.

இரண்டாவது, தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை நடத்தும் குடும்ப வருமான செலவின ஆய்வு. இது எல்லா வீட்டுக்கும் வராது. 2019 ஆய்வுக்கு நாடு முழுவதிலும் 25,000 வீடுகள் தெரிவு செய்யப்பட்டன. உணவுச் செலவு, மற்றச் செலவு, வருமானம், கடன், வீட்டின் நிலை என்று எல்லாவற்றையும் விரிவாகக் கேட்பார்கள். நகரம், கிராமம், பெருந்தோட்டம் என்று மூன்றாகப் பிரித்து முடிவுகளை வெளியிடுவார்கள். நாட்டின் வறுமை எவ்வளவு என்று சொல்வது இந்த ஆய்வை வைத்துத்தான்.

மூன்றாவது, நிவாரணத்துக்குத் தகுதி பார்க்கும் கணக்கெடுப்பு. 2023 இல் தொடங்கிய அஸ்வெசும இந்த வகை. கல்வி, சுகாதாரம், பொருளாதார நிலை, சொத்து, வீட்டு நிலைமை, குடும்ப அமைப்பு என்ற ஆறு பிரிவுகளில் 22 குறிகாட்டிகளை வைத்துப் புள்ளி போட்டார்கள். தொடக்கத்தில் மாதம் 2,500 ரூபாய் முதல் 15,000 ரூபாய் வரை கிடைப்பதை இந்தப் புள்ளியே தீர்மானித்தது.

நான்காவது, அனர்த்தத்தின் பின் வரும் சேத மதிப்பீடு. வெள்ளம், மண்சரிவு, சூறாவளி, சுனாமி என்று எது வந்தாலும் வீட்டுக்காரர் யார், சேதம் எவ்வளவு என்று கேட்டு எழுதுவார்கள்.

முதல் இரண்டிலும் நாம் சொல்லும் தனிப்பட்ட விபரங்களை வெளியே கொடுக்கக் கூடாது என்று தொகைமதிப்புக் கட்டளைச் சட்டமும் புள்ளிவிபரக் கட்டளைச் சட்டமும் சொல்கின்றன. நீங்கள் சொன்னதைத் துரையிடம் காட்ட முடியாது. ஆகவே தோட்ட நிர்வாகம் என்ன நினைக்குமோ என்று பயந்து பதில் சொல்ல வேண்டிய தேவை இல்லை.

இலவசம் என்ற சொல்லுக்குள் இருக்கும் செலவு

2019 ஆய்வின் முடிவுகளைப் பாருங்கள். நாட்டில் ஒரு குடும்பத்தின் சராசரி மாத வருமானம் 76,414 ரூபாய். பெருந்தோட்டத் துறையில் அது 46,865 ரூபாய். நாட்டில் நூற்றுக்கு 14.3 பேர் வறியவர்கள். பெருந்தோட்டத்தில் நூற்றுக்கு 33.8 பேர், அதாவது மூன்றில் ஒருவர். இது 2022 நெருக்கடிக்கு முந்திய கணக்கு. அரிசி, மா, மண்ணெண்ணெய் எல்லாம் விலையேறிய பிறகு நிலைமை என்னவென்று உங்களுக்கே தெரியும்.

இந்த எண்கள் நம் பக்கம் நின்று பேசும் எண்கள். அவற்றை நாம் பயன்படுத்தவே வேண்டும். ஆனால் வீட்டுச் செலவு என்று வரும்போது ஒரு சிக்கல் இருக்கிறது. சொந்த வீட்டில் இருப்பவர் வாடகை கொடுப்பதில்லை. அதற்காக அவருக்கு வீட்டுச் செலவே இல்லை என்று ஆய்வு முடிவுகட்டுவதில்லை. இந்த வீட்டை வாடகைக்கு விட்டால் எவ்வளவு கிடைக்கும் என்று மதிப்பிட்டு அதைக் கணக்கில் சேர்க்கிறார்கள். வீடு ஒரு பெறுமதி உள்ள பொருள் என்று ஏற்றுக்கொள்வதற்கான வழி அது. லயத்துக் காம்பராவை அப்படி மதிப்பிட என்ன வழி? அதை வாடகைக்கு விட நமக்கு உரிமை இல்லை. விற்க உரிமை இல்லை. வங்கியில் ஈடுவைக்க முடியாது. சந்தையில் விலையே இல்லாத ஒன்றுக்கு எந்தத் தொகையை எழுதினாலும் அது நம் நிலைமையைச் சொல்லாது.

ஆனால் செலவு இருக்கிறது. ஒழுகும் கூரைக்குத் தகரம் வாங்குவது யார்? இஸ்தோப்பை மறைத்துப் பிள்ளைகள் படிக்க ஓர் அறை எடுப்பது யார் காசில்? பின்பக்கம் குசினி இறக்குவது, சீமெந்துத் தரை போடுவது, மலசலகூடக் குழி வெட்டுவது, தண்ணீர்க் குழாயை இழுத்து வருவது எல்லாம் யார் செலவில் நடக்கின்றன? அநேக தோட்டங்களில் குடும்பம்தான் செய்கிறது. சீட்டுப் பிடித்தும், தோடு சங்கிலியை அடகு வைத்தும், கொழும்பில் வேலை செய்யும் பிள்ளை அனுப்பும் காசிலும் செய்கிறது. ஞாயிற்றுக்கிழமை முழுவதும் குடும்பமே சேர்ந்து செய்யும் வேலைக்குக் கூலியும் இல்லை, கணக்கும் இல்லை.

இதற்கு மேல் கடன் வீடுகளின் கதையும் உண்டு. 1990 களிலிருந்து தோட்டத் தொழிலாளர் வீடமைப்புக் கூட்டுறவுச் சங்கங்கள் வழியாகக் கடன் கொடுத்து வீடு கட்டும் திட்டங்கள் நடந்தன. அந்தக் கடன் மாதாமாதம் சம்பளத்தில் வெட்டப்பட்டது. கடனைக் கட்டி முடித்தும் உறுதி கையில் வராமல் இருந்தவர்கள் எத்தனையோ பேர். அவர்களுடைய வீட்டை எந்தப் பெட்டியில் போடுவது? காசு கொடுத்துக் கட்டியதால் சொந்தமா, உறுதி இல்லாததால் சொந்தமில்லையா? படிவத்தில் இதற்கு இடம் கிடையாது.

எல்லாவற்றையும் விடப் பெரிய செலவு ஒன்று உண்டு. லயத்து வீடு வேலையோடு கட்டப்பட்ட வீடு. செக்றோலில் பெயர் இருக்கும்வரை காம்பரா. சம்பளப் பேச்சுவார்த்தை வரும்போதெல்லாம் வீடு, தண்ணீர், பிள்ளைக் காம்பரா என்று பட்டியல் போட்டு, நாட்கூலிக்கு மேல் இவ்வளவு கொடுக்கிறோம் என்று கம்பனித் தரப்பு பேசுகிறது. அதாவது வீடு நமக்கு இலவசம் என்று படிவத்தில் இருக்கிறது. ஆனால் பேச்சுவார்த்தை மேசையில் அதற்கு ஒரு விலை இருக்கிறது, அந்த விலை நம் கூலியில் கழிக்கப்படுகிறது. கூலியில் கழித்துக்கொள்ளும் வீட்டை இலவச வீடு என்று நாம் ஏன் சொல்ல வேண்டும்?

வேலையோடு கட்டிய வீடு எப்படி முடியும் என்பதற்குத் தமிழ்நாட்டு மாஞ்சோலை ஓர் உதாரணம். திருநெல்வேலி மாவட்டத்தில் உள்ள அந்தத் தேயிலைத் தோட்டத்தின் குத்தகை 2028 இல் முடிய இருந்தது. 2024 இல் தொழிலாளர்களுக்கு விருப்ப ஓய்வு கொடுத்து வீடுகளைக் காலிசெய்யச் சொன்னது கம்பனி. தலைமுறை தலைமுறையாக அங்கே இருந்தவர்கள், வேலை முடிந்தால் வீடும் முடிந்தது என்ற நிலையில் நீதிமன்றத்துக்குப் போக வேண்டியதாயிற்று. நம் நாட்டிலும் கம்பனிகளின் குத்தகைக்கு முடிவுத் திகதி இருக்கிறது என்பதை மறக்கக் கூடாது.

வீடு யாருக்குச் சொந்தம்?

இந்தக் கேள்வியைக் கேட்பது அரசாங்கம். பதிலை அரசாங்கமே அறியும். 1972 இன் காணிச் சீர்திருத்தச் சட்டமும் 1975 இன் திருத்தமும் பெரிய தோட்டங்களை அரசுடைமையாக்கின. ஜனவசமும் அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனமும் அவற்றை நடத்தின. 1992 இல் நிர்வாகம் பிராந்தியக் கம்பனிகளின் கைக்குப் போனது. பிறகு 53 ஆண்டுக் குத்தகை எழுதப்பட்டது. 2045 வரை அது ஓடும். கம்பனி குத்தகைக்காரர் மட்டுமே. காணி அரசாங்கத்தின் காணி. ஆகவே லயத்து வாசலில் நின்று இது யாருடைய வீடு என்று கேட்கும் உத்தியோகத்தரை அனுப்பியவரே வீட்டின் உண்மையான சொந்தக்காரர். வீட்டின் நிலைமை மோசம் என்று அந்தப் படிவத்தில் எழுதப்படுவது அரசாங்கம் தன்னைப் பற்றித் தானே எழுதிக்கொள்ளும் அறிக்கை என்றுதான் சொல்ல வேண்டும்.

இப்போது எங்கள் பக்கத்தைப் பார்ப்போம். குருக்கள்மடம் எழுவான்கரைக் கிராமம். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி. வாவியைக் கடந்து அம்பிளாந்துறைக்குப் போகப் படகுப்பாதை இருக்கிறது. இங்கேயும் வறுமை உண்டு. கூலிவேலை செய்பவர்கள் உண்டு, ஒழுகும் வீடுகள் உண்டு. ஆனால் அநேக குடும்பங்களுக்கு ஒரு வளவு இருக்கிறது. உறுதியோ அனுமதிப்பத்திரமோ இருக்கிறது. மட்டக்களப்பு வழமையில் வீடுவளவு பெண்பிள்ளைக்குப் போகும். மகளுக்கு வீடு கட்டிக் கொடுப்பது தகப்பனின் கடமை. அதனால் வீடு யாருக்குச் சொந்தம் என்று கேட்டால், பல வீடுகளில் ஒரு பெண்ணின் பெயரைப் பதிலாகச் சொல்வார்கள்.

இந்த ஒரு பதில் என்ன செய்தது என்பதற்கு இரண்டு உதாரணங்கள் போதும்.

2004 டிசம்பர் 26 சுனாமி மட்டக்களப்புக் கரையோரத்தை அழித்தது. அடுத்த சில வாரங்களிலேயே தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம் பாதிக்கப்பட்ட வீடுகளையும் கட்டடங்களையும் ஆட்களையும் எண்ணும் தனியான தொகைமதிப்பை நடத்தியது. முழுதாக அழிந்த வீட்டுக்கு 2,50,000 ரூபாய், பகுதியாகச் சேதமான வீட்டுக்கு 1,00,000 ரூபாய் என்று வீட்டுக்காரருக்குக் கட்டம் கட்டமாக வழங்கப்பட்டது. குறைகள் நிறைய இருந்தன. கிழக்கில் கடலிலிருந்து 200 மீற்றருக்குள் கட்டக் கூடாது என்ற விதியால் அலைந்தவர்கள் உண்டு. காணிப் பத்திரம் இல்லாதவர்கள் இங்கேயும் பின்னால்தான் நின்றார்கள். ஆனால் பத்திரம் இருந்தவர், வீட்டுக்காரர் என்ற தகுதியோடு வரிசையில் நின்றார்.

இரண்டாவது உதாரணம் இந்திய வீடமைப்புத் திட்டம். 50,000 வீடுகளுக்கான அந்தத் திட்டத்தில் வடக்கு கிழக்குப் பயனாளிகளுக்கு ஒரு வீட்டுக்கு 5,50,000 ரூபாய் வீதம் வழங்கப்பட்டது. பணம் நேரே வீட்டுக்காரரின் வங்கிக் கணக்குக்கு வந்தது. தன் வளவில் தானே மேசனைப் பிடித்துக் கட்டினார். 2012 இல் வேகம் பிடித்த அந்த வேலையில் பெரும்பகுதி சில ஆண்டுகளில் முடிந்தது. அதே திட்டத்தில் மலையகத்துக்கு ஒதுக்கியவை 4,000 வீடுகள். ஒரு வீட்டுக்கு 9,50,000 ரூபாய். தொகை கூட, ஆனால் வேலை தொடங்கியது பல ஆண்டுகள் கழித்து. காரணங்களில் முக்கியமானது காணி. வடக்கு கிழக்கில் பயனாளியிடம் காணி இருந்தது. மலையகத்தில் கம்பனியிடமிருந்து காணியை விடுவித்து, நிலத்தைப் பரிசோதித்து, 7 பேர்ச்சஸ் அளந்து, பிறகுதான் அத்திவாரம் வெட்ட முடிந்தது.

2017 மே மாதம் நோர்வூட்டில் இந்தியப் பிரதமர் மேலும் 10,000 வீடுகளை அறிவித்தார். அந்த வீடுகள் எழத் தொடங்குவதற்குள் ரூபாயின் பெறுமதி விழுந்து, ஒரு வீட்டுக்கான தொகையை 28 இலட்சமாக உயர்த்த வேண்டி வந்தது. தாமதத்தின் விலை இது. இந்த 28 இலட்சத்தை நம் கூலியோடு வைத்துப் பாருங்கள். 2024 செப்டெம்பரில் நிர்ணயித்த 1,350 ரூபாய் நாட்கூலியில் 25 நாள் வேலை செய்தால் 33,750 ரூபாய். சாப்பிடாமல், உடுக்காமல், ஒரு சதமும் செலவழிக்காமல் சேர்த்தாலும் 83 மாதம் வேண்டும். நாட்கூலியை 1,750 ரூபாய் என்று வைத்துக் கணக்கிட்டாலும் 64 மாதம். வீட்டை அவர்களே கட்டிக்கொள்ளட்டும் என்று சொல்பவர்களுக்கு இந்தக் கணக்கைக் காட்டுங்கள்.

எழுதிவைத்தும் நடக்காதவை

எத்தனை பேர் வந்து எழுதிக்கொண்டு போனார்கள், என்ன நடந்தது என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. 2014 ஒக்டோபர் 29 காலை கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலை இறங்கி லயங்களை மூடியது. அந்த இடம் ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் அதற்கு முன்பே சொல்லியிருந்தது. ஆய்வு இருந்தது, எச்சரிக்கை இருந்தது, போவதற்கு வீடு இருக்கவில்லை. 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி மலைநாட்டில் அதே பாடத்தை இன்னும் பெரிதாகப் படிப்பித்தது. முழுதாக அழிந்த வீட்டுக்கு 50 இலட்சம் ரூபாய் வரை என்று அரசாங்கம் அறிவித்தது. நல்ல அறிவிப்பு. ஆனால் வீட்டுக்காரர் என்று யாரை எழுதுவது? ஒரே காம்பராவில் மூன்று குடும்பம் இருந்தால் அது ஒரு வீடா, மூன்று வீடா? தன் காசில் இழுத்துக் கட்டிய பின்பகுதி சேதத்தில் சேருமா? இந்தக் கேள்விகளுக்கு அனர்த்தம் நடந்த பிறகு பதில் தேட முடியாது. அதற்கு முன்பே பதிவில் இருக்க வேண்டும்.

ஆகவே கணக்கெடுப்பு மட்டும் வீடு கட்டித்தராது என்பது சரி. ஆனால் கணக்கில் இல்லாதவருக்கு என்ன நடக்கும் என்பதை மட்டக்களப்பார் அறிவார்கள். 1981 க்குப் பிறகு 2001 இல் நடந்த தொகைமதிப்பு 18 மாவட்டங்களில்தான் முழுமையாக முடிந்தது. யுத்தத்தால் மட்டக்களப்பில் அது பகுதியளவில்தான் நடந்தது. 2012 வரை, 31 ஆண்டுகள், எங்கள் மாவட்டத்துக்கு முழுமையான எண் இல்லை. எத்தனை வீடு அழிந்தது, எத்தனை வீடு தேவை என்று யாரும் ஊகமாகத்தான் பேச முடிந்தது.

மலையகத்துக்கும் அப்படி ஒரு காலம் இருந்தது. 1987 இன் பிரதேச சபைச் சட்டத்தின் 33 ஆம் பிரிவு தோட்டக் குடியிருப்புகளில் பிரதேச சபை வேலை செய்வதற்குத் தடையாக இருந்தது. நம் வாக்கில் தெரிவான சபைக்கே நம் லயத்துப் பாதையில் கல் போட முடியவில்லை. 2018 இல்தான் சட்டம் திருத்தப்பட்டது. எங்கே எத்தனை குடும்பம் பாதை இல்லாமல், தண்ணீர் இல்லாமல் இருக்கிறது என்று எடுத்துக் காட்டிப் பேசியவர்களுக்கு அந்தத் திருத்தத்தில் பங்கு உண்டு. எண் கையில் இருந்தால்தான் வாதாட முடியும்.

இன்னொரு பயமும் நம்மவரிடம் உண்டு. வீட்டுக்குச் செலவழித்தேன் என்று சொன்னால் வசதியானவர் என்று எழுதி அஸ்வெசுமவை வெட்டிவிடுவார்களோ என்ற பயம். சுவர் கல், தரை சீமெந்து, கூரை தகரம் என்று பொருளை மட்டும் பார்த்தால் பழைய லயம்கூட உறுதியான கட்டடமாகத்தான் தெரியும். அதனால் மறைப்பதில் இலாபம் இல்லை. முழுவதையும் சொல்வதே பாதுகாப்பு. தகரம் புதிது, ஆனால் அது கடனில் வாங்கியது. சீமெந்துத் தரை போட்டது தோட்டம் அல்ல, நான். கட்டடம் தாத்தா காலத்தது. இப்படிச் சொன்னால் உண்மை முழுதாக வரும். அஸ்வெசும முடிவு பிழை என்றால் மேன்முறையீடு செய்ய வழி இருக்கிறது. அப்போதும் உதவுவது முன்பு சொன்ன பதிலும் கையில் உள்ள பற்றுச்சீட்டும்தான்.

வீட்டில் செய்ய வேண்டியது

கணக்கெடுப்புக்கு வருபவரைத் தமிழில் பேசச் சொல்லுங்கள். படிவம் தமிழிலும் இருக்கிறது. கேள்வி விளங்காவிட்டால் திரும்பக் கேளுங்கள். உங்களுக்குப் பதிலாகக் கணக்கப்பிள்ளையோ தலைவரோ பதில் சொல்ல விடாதீர்கள்.

சேர்ந்து சமைத்துச் சாப்பிடுபவர்களே ஒரு குடும்பம் என்பது ஆய்வுகளின் வரைவிலக்கணம். ஆகவே ஒரே காம்பராவில் மகன் குடும்பம் தனி அடுப்பு மூட்டினால், அது தனிக் குடும்பம். அதைத் தனியாக எழுதச் சொல்லுங்கள். வீட்டுத் தேவை எத்தனை என்ற கணக்கு இங்கேதான் குறைந்துபோகிறது.

வாடகை உண்டா என்று கேட்டால், “வாடகை இல்லை, ஆனால் தோட்ட வேலைக்காகத் தரப்பட்ட வீடு, உறுதி இல்லை, திருத்துவது எங்கள் செலவு” என்று முழு வசனமாகச் சொல்லுங்கள். செலவு கேட்கும் இடத்தில் கடந்த ஆண்டில் தகரம், சீமெந்து, மரம், குழாய், மேசன் கூலி என்று எவ்வளவு போனது என்பதைச் சொல்லுங்கள். கடன் கேட்கும் இடத்தில் வீட்டுக்காக வாங்கிய கடனைத் தவறாமல் சொல்லுங்கள். இதற்காக ஒரு சி.ஆர். கொப்பியில் வீட்டுச் செலவை எழுதி, பற்றுச்சீட்டுகளை உள்ளே வைத்துப் பழகுவது நல்லது. பாடசாலைக்குப் போகும் பிள்ளை இருந்தால் அந்த வேலையை அதனிடம் கொடுங்கள்.

பெண்களுக்குத் தனியாக ஒரு சொல். கொழுந்துக் கூடையைச் சுமப்பதில் பெரும்பகுதி உங்கள் முதுகு. குடும்பத் தலைவர் யார், வீடு யார் பெயரில் என்று கேட்டால் வீட்டு ஆண்பிள்ளையின் பெயரை மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போகாதீர்கள். உங்கள் பெயரும் எழுதப்பட வேண்டும். எங்கள் மட்டக்களப்புப் பெண்களுக்கு வளவு கொடுத்திருக்கும் தைரியத்தைக் கண்ணால் பார்ப்பதால் இதைச் சொல்கிறேன்.

சங்கம் கேட்க வேண்டியது

தொழிற்சங்கங்கள் சம்பளத்துக்காகப் போராடும் அளவுக்குப் படிவத்துக்காகப் பேசியதில்லை. அந்தக் குறையை இனி நீக்க வேண்டும். தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களத்திடம் கேட்க வேண்டியவை நான்கு.

ஒன்று, வாடகையின்றிக் குடியிருத்தல் என்ற ஒற்றைப் பெட்டி போதாது. தொழிலோடு இணைந்த வீடு, கடன் கட்டி முடித்தும் உறுதி கிடைக்காத வீடு என்பவை தனித்தனியே பதியப்பட வேண்டும். இரண்டு, வீட்டைத் திருத்தவும் பெருப்பிக்கவும் குடும்பம் செய்யும் செலவு, பெருந்தோட்டத் துறைக்குத் தனியாக வெளியிடப்பட வேண்டும். மூன்று, கட்டடத்தின் பொருளோடு அதன் வயதும் மண்சரிவு ஆபத்தும் கேட்கப்பட வேண்டும். நான்கு, முடிவுகள் மாவட்டத்தோடு நிற்காமல் பிரதேச செயலகப் பிரிவு வரையில் தமிழில் கிடைக்க வேண்டும். தோட்டக் கமிட்டித் தலைவர் அதைக் கையில் வைத்துப் பிரதேச சபையில் பேசக் கூடியதாக இருக்க வேண்டும்.

அடுத்த கூலிப் பேச்சுவார்த்தைக்குப் போகும்போது, கம்பனி வீட்டைச் சலுகை என்று பட்டியலிட்டால், அந்த வீட்டுக்காகத் தொழிலாளி செலவழித்த தொகையை நாமும் பட்டியலிட வேண்டும். அதற்கு ஒவ்வொரு மாவட்டக் காரியாலயமும் தன் தோட்டங்களில் ஒரு சிறு கணக்கெடுப்பைத் தானே நடத்தலாம். அரசாங்கம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. லயத்துக்கு ஒருவர், ஒரு கொப்பி, ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். மாதர் சங்கமும் இளைஞரும் சேர்ந்தால் ஒரு மாதத்தில் ஒரு தோட்டத்தின் கணக்கு முடியும்.

உறுதியும் காணியும் வீடும் வேண்டும் என்பதே நம் கோரிக்கை. அதில் மாற்றம் இல்லை. அந்தக் கோரிக்கைக்கு ஆதாரம் நம் வாசலிலேயே கேட்கப்படுகிறது. ஆகவே அடுத்த முறை உத்தியோகத்தர் வரும்போது அவரை இஸ்தோப்பில் நிறுத்திவைத்து அனுப்பிவிடாதீர்கள். உள்ளே கூப்பிட்டு, கூரையைக் காட்டி, கொப்பியைக் காட்டிப் பதில் சொல்லுங்கள்.